பொரிக்காத முட்டையும் பொருந்தாத ஜோடியும்: ஃபிஞ்ச் குருவியில் ஆண் எது, பெண் எது?

"சார், ஜோடின்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. முட்டை முட்டையா வைக்குது, ஒண்ணுகூட பொரிக்க மாட்டேங்குது."

தர்மபுரியிலிருந்தும் ஓசூர் பக்கமிருந்தும் கூண்டில் வளர்க்கும் ஃபிஞ்ச் குருவிகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் அடிக்கடி சொல்வது இதுதான். சத்து மருந்து கேட்பார்கள். கண் பட்டுவிட்டது என்றுகூடச் சொல்வார்கள். கூண்டைப் பார்த்தால் பல நேரம் உள்ளே இரண்டுமே பெட்டையாக இருக்கும். ஆண் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும், அதில் கரு இருக்காது, அவ்வளவுதான். ஜீப்ரா ஃபிஞ்ச் வழக்கமாக ஓர் ஈட்டுக்கு 4 முதல் 6 முட்டை வைக்கும். ஒரே கூட்டுப்பானையில் 8, 10 என்று குவிந்தால் இரண்டும் சேர்ந்து இடுகின்றனவோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். இரண்டும் ஒட்டி உட்கார்ந்து கோதிக்கொள்வதையோ, ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதையோ வைத்து ஜோடி என்று முடிவுகட்ட முடியாது. இரண்டு பெட்டைகளும் அப்படிச் செய்யும், இரண்டு ஆண்களும் செய்யும்.

சாதாரண சாம்பல் நிற ஜீப்ராவில் அடையாளம் சுலபம். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையில் மெல்லிய கோடுகள், நெஞ்சில் கறுப்புப் பட்டை, விலாவில் செம்பழுப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள். பெட்டைக்கு இவை எதுவும் கிடையாது. கண்ணுக்குக் கீழே வடியும் கறுப்புக் கோடு மட்டும் இரண்டுக்கும் பொது, அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

சிக்கலே வெள்ளை ஜீப்ராவில்தான். கடையில் பலரும் கேட்டு வாங்குவதும் அதைத்தான். உடம்பில் ஒரு குறியும் இல்லாததால் அலகைத்தான் பார்க்க வேண்டும். ஆணின் அலகு பழுத்த மிளகாய்போல் நல்ல சிவப்பு. பெட்டைக்கு வெளிர் ஆரஞ்சு. இரண்டு பறவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையின் மஞ்சள் பல்பில் எல்லா அலகும் சிவப்பாகத்தான் தெரியும். உடம்பு சரியில்லாத ஆணுக்கு அலகு வெளிறிவிடும் என்பதால், சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவையை வைத்து முடிவெடுக்காதீர்கள். இன்னொன்று: கறுப்புக் கன்னம் என்ற நிற வகையில் பெட்டைக்கும் கன்னத்தில் திட்டு வரும்.

குஞ்சு வாங்கும்போது இதில் எதுவுமே உதவாது. கூட்டைவிட்டு வெளியே வரும் ஜீப்ரா குஞ்சுக்கு அலகு கறுப்பு, ஆணும் பெண்ணும் ஒரே சாயல். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு நிறம் ஏறத் தொடங்கி, மூன்று மாதத்தில்தான் முழு நிறம் வரும். கறுப்பு அலகுக் குஞ்சைக் காட்டி யாராவது "இது கண்டிப்பா ஆண்" என்று சொன்னால் அது ஊகம்தான். அந்த வயதில் ஜோடியாக வாங்காதீர்கள் என்பது என் கருத்து.

அப்புறம் பெங்காலி ஃபிஞ்ச். பழுப்பும் வெள்ளையுமாக, சாதுவாக இருக்கும் குருவி. இதில் ஆணையும் பெண்ணையும் கண்ணால் பிரிக்கவே முடியாது. தலை பெரிதாக இருந்தால் ஆண், இடுப்பு எலும்பு விரிந்திருந்தால் பெண் என்று கையில் பிடித்து அமுக்கிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அத்தனை சின்ன உடம்பில் அந்த அமுக்கலே ஆபத்து, முடிவும் நம்பத் தக்கதில்லை.

இங்கே காதுதான் வழி. ஃபிஞ்ச் வகைகளில் பெரும்பாலும் பாடுவது ஆண் மட்டுமே. பெட்டை கூப்பிடும், பாடாது. பெங்காலி ஆண் பாடும்போது அருகில் நின்று பாருங்கள்: உடம்பை நிமிர்த்தி, நெஞ்சு இறகைப் புசுபுசுவென்று விரித்து, தொண்டை துடிக்கத் துடிக்க, குச்சியில் துள்ளியபடி பெட்டையின் பக்கம் நகரும். சத்தம் பெரிதாக இருக்காது, கிறுகிறுவென்று மெல்லிய ஒலிதான். டிவி ஓடும் ஹாலில் இது காதில் விழாது. எந்தப் பறவை பாடுகிறது என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றையும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ஓர் இரவு தனித்தனிக் கூண்டில் வையுங்கள். காலையில் ஒன்றாக விட்டதும் ஆண் பெரும்பாலும் உடனே பாட ஆரம்பிக்கும். பாடியதற்குக் காலில் கலர் வளையம் மாட்டுங்கள். பாடாததைப் பெட்டை என்று அன்றே எழுதிவிட வேண்டாம், சில நாள் கவனியுங்கள். கூச்சத்தில் சும்மா இருக்கும் ஆணும் உண்டு.

ஜாவா குருவிக்கும் பாட்டுதான் நம்பகமான அடையாளம். கோல்டியன் என்ற பலநிற ஃபிஞ்ச் வகையில் தலை நிறத்தைப் பார்த்துச் சிவப்புத் தலை ஆண், கறுப்புத் தலை பெண் என்று ஜோடி சேர்க்கிறார்கள். அது தவறு. இரண்டு நிறத் தலையும் இரண்டு பாலிலும் உண்டு. நெஞ்சைப் பாருங்கள்: ஆணுக்கு அடர்ந்த ஊதா, பெட்டைக்கு வெளிறிய ஊதா. இறகை வைத்து மரபணுச் சோதனை செய்தும் பால் அறியலாம், ஆனால் சாதாரண ஃபிஞ்சுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் பொரிக்காத முட்டை மட்டுமில்லை. கூட்டுப்பானை எப்போதும் உள்ளே கிடக்க, முட்டையை எடுக்க எடுக்கப் பெட்டை மேலும் மேலும் இடும். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சத்து அதன் உடம்பிலிருந்து போகிறது. சுமார் 12 கிராம் எடையுள்ள பறவை ஏறக்குறைய 1 கிராம் முட்டையை இடுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். சத்து தீர்ந்ததும் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழிக் குளிரில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். குருவி கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடும், அடிவயிறு வீங்கியிருக்கும். எண்ணெய் விடாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் பிழைப்பது கடினம். சின்ன அட்டைப்பெட்டியில் துணி விரித்து, ஒரு பக்கம் மட்டும் குண்டு பல்பால் இதமான சூடு கொடுத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாளைக் காலை பார்க்கலாம் என்று விடும் நோய் இதில்லை.

தினை மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். தினை நல்ல தீனிதான், சுண்ணாம்புச் சத்துக்கு அது போதாது. கணவாய் ஓடு ஒன்றைக் கூண்டில் எப்போதும் மாட்டிவையுங்கள், நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைக்கும். வேகவைத்த முட்டையின் ஓட்டைப் பொடித்தும் வைக்கலாம். காலை வெயில் கொஞ்சம் படட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கேழ்வரகு, சாமை விளையும் நம் காடுகளில் கூட்டமாக வந்து மேயும் சில்லைக் குருவிகளைப் பிடித்து, சில நேரம் சாயம்கூட ஏற்றி, "கலர் ஃபிஞ்ச்" என்று விற்கிறார்கள். சிவப்புச் சில்லை, புள்ளிச் சில்லை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அவற்றில் ஆண் எது, பெண் எது என்று என்னிடம் கேட்டு வந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்கத்தான் சொல்வேன்.

சரி, வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெட்டைகள் இருந்தால்? அவசரப்பட்டு முட்டைகளை எடுத்துப் போடாதீர்கள், அதற்குப் பதிலாகப் புதிது இடும். அடைகாத்து அலுத்து அவையே கைவிடும்வரை விட்டு, பிறகு பானை, தேங்காய் நார் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். கூடு இல்லாவிட்டால் பெரும்பாலும் முட்டையிடுவது நிற்கும். இரண்டும் தோழிகளாகவே நிம்மதியாக இருக்கும். குஞ்சு வேண்டும் என்பவர்கள், பெட்டைக்கு ஆறு மாதம் ஆனபிறகு, பாடியதைக் காதால் கேட்டு உறுதிசெய்த ஆணைச் சேருங்கள். ஐந்தாறு நாள் அடைகாத்த முட்டையை இருட்டில் செல்போன் டார்ச்சின் மேல் பிடித்தால், கரு இருப்பதில் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலையாகத் தெரியும்.