ஒன்பதாயிரம் ராண்ட் அதிகம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் வருமான வரிக் கணக்குப் பார்ப்பது என் வேலை. ஆனால் ஜனவரியில் மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்ததும் என்னைத் தேடி வருபவர்கள் வரிக்காக வருவதில்லை. பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு வழி கேட்டு வருவார்கள்.

அப்படி வந்த ஒரு அக்கா நர்ஸ். கணவர் பட்டறை வேலைக்காரர். மகளுக்கு, மாணவர்களுக்கான அரசு நிதித் திட்டமான என்எஸ்ஃபாஸ் உதவி இல்லை என்று பதில் வந்திருந்தது. “கைக்கு வருவது மாதம் இருபத்தோராயிரம். நாங்களா பணக்காரர்கள்?” என்றார். வேலை தருபவர் கொடுக்கும் ஆண்டுச் சம்பள, வரிச் சான்றான ஐஆர்பி5 தாள்களை இருவரிடமிருந்தும் வாங்கி, மொத்த வருமானத்தைக் குறிக்கும் 3699 என்ற எண்ணுக்கு எதிரே இருந்த தொகைகளைக் கூட்டினேன். 359,000 ராண்ட். உதவிக்கான ஆண்டு வருமான எல்லை 350,000.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கணக்கில் வருவது கைக்கு வரும் சம்பளம் அல்ல. வரி, பென்ஷன், மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடிப்பதற்கு முந்தைய மொத்தம். அதுவும் அப்பா, அம்மா இருவருடையதும் சேர்த்து. ஓவர்டைமும் அதில் அடக்கம். “அப்போ அடுத்த வருஷம் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?” என்று கேட்டார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் கட்டணம், தங்குமிடம், புத்தகம் எல்லாம் அரசு செலவு. அந்தப் பக்கம் ஒரு காசு கிடையாது. கணக்குப்படி அவர் கேட்டதில் தப்பே இல்லை.

2015 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் கட்டணத்தை 10.5 சதவீதம் ஏற்றப்போவதாகச் சொன்னதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டுக்கு ஏற்றம் இல்லை என்று அரசு இறங்கி வந்தது. 2018-இல் என்எஸ்ஃபாஸ் கடன், திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையாக மாறியது. 350,000 என்ற கோடும் அப்போது போட்டதுதான். 2025-இலும் அதே கோடு. 2018-இல் 330,000 சம்பாதித்த குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் கூடியிருந்தால், இரண்டே வருஷத்தில் கோட்டைத் தாண்டியிருக்கும். ரொட்டி விலை ஏறியதை ஈடுகட்டிய சம்பளம், அவ்வளவுதான். அதற்குப் பெயர் வசதியா?

இப்படி நடுவில் மாட்டியவர்களுக்காக, 600,000 வரை வருமானமுள்ள வீடுகளுக்கு 2024-இல் ஒரு கடன் திட்டம் அறிவித்தார்கள். கடன் என்பதை மறக்க வேண்டாம், திருப்பிக் கட்டியாக வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவருக்கு உதவித்தொகைக்கே 600,000 வரை இடமுண்டு. இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தனியார் கல்லூரிக்கு என்எஸ்ஃபாஸ் கிடையாது. சேர்த்துவிட்டு வந்து கேட்டால் நான் என்ன செய்ய முடியும்?

சிலர் அப்பாவின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிக்கலாமா என்று காதோரம் கேட்கிறார்கள். அடையாள எண்ணை வைத்து வரித்துறையில் சரிபார்க்கிறார்கள். படிப்பின் நடுவில் உதவி நின்றால், பாக்கி முழுவதும் பிள்ளையின் தலையில் விழும்.

எங்கள் மாகாணமான நேட்டாலில் படிக்க நினைப்பவர்கள் புரட்டாசி விரதம் தொடங்கும்போதே, இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான சிஏஓ விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். செப்டம்பர் கடைசிக்கு அப்புறம் தாமதக் கட்டணம், இடமும் குறைவு. ஆசிரியர் வேலையில் விருப்பமிருந்தால் ஆசிரியர் படிப்புக்கு அரசு தரும் ஃபுன்சா லுஷாகா உதவித்தொகையையும் பாருங்கள். அங்கே பெற்றோர் வருமானத்தைவிட மதிப்பெண்தான் பேசும். உதவி பெற்ற ஆண்டுகளுக்கு ஈடாக அரசுப் பள்ளியில் பாடம் நடத்த வேண்டும்.

அக்காவின் மகள் அதற்குத்தான் எழுதிப் போட்டிருக்கிறாள். கணக்குப் பாடம்.