ஃபான்டாசியா என்றால் கற்பனை அல்ல

"காதல், கற்பனை." மூன்று மாதங்களில் மூன்றாவது முறையாக இந்தத் தலைப்பைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். முதலில் வந்தது மொழிபெயர்ப்புக் கைப்பிரதி, அடுத்தது ஒரு பின்னட்டை வாசகம், நேற்று ஓர் அறிமுகக் கட்டுரை. மூன்றும் அல்ஜீரிய எழுத்தாளர் அசியா ஜெபார் 1985இல் பிரெஞ்சில் எழுதி வெளியிட்ட 'லாமூர், லா ஃபான்டாசியா' நாவலைப் பற்றியவை. லாமூர் காதல்தான், சிக்கல் அடுத்த சொல்லில்.

பிரெஞ்சில் கற்பனை என்ற பொருளில் வருவது ஃபான்டெஸி. இது ஃபான்டாசியா, எழுத்தே வேறு. அகராதியைக்கூட யாரும் திறக்கவில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அல்ஜீரியாவிலும் மொராக்கோவிலும் திருமணத்திலோ திருவிழாவிலோ குதிரை வீரர்கள் வரிசைகட்டி நிற்பார்கள். ஒரே வேகத்தில் குதிரைகளை விரட்டி வந்து, கடைசி நொடியில் துப்பாக்கிகளை ஒருசேர வெடிப்பார்கள். எல்லா வெடியும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். ஒன்று முந்தினாலும் மானம் போயிற்று. போர்க்களத்துப் பாய்ச்சலை விழாவாக்கிய அந்த ஆட்டம்தான் ஃபான்டாசியா. இசையிலும் இந்தப் பெயரில் ஒரு வடிவம் உண்டு. நாவலின் மூன்றாம் பகுதி முகப்பில் பீத்தோவனைக் காட்டி ஜெபார் அதையும் தொட்டுச் செல்கிறார். 'கற்பனை' என்று போட்டால் குதிரையும் போய்விடுகிறது, வெடிமருந்தும் போய்விடுகிறது, இசையும் போய்விடுகிறது. மிஞ்சுவது பதின்பருவக் காதல் கதைக்கான அட்டை.

நாவலோ 1830இல் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவில் இறங்கியதைச் சொல்வது. 1845இல் தஹ்ரா குகைகளில் ஒளிந்த உலெத் ரியா குலத்தாரைக் குகைவாயிலில் தீமூட்டிப் புகையால் கொன்றார் கர்னல் பெலிசியே, அதையும் சொல்வது. இத்தனைக்கும் முதல் காட்சியில், துருக்கித் தொப்பியும் ஐரோப்பிய உடையும் அணிந்த தந்தையின் கையைப் பிடித்தபடி ஓர் அரபுச் சிறுமி பள்ளிக்கூடம் போகிறாள். அது பிரெஞ்சுப் பள்ளி, தந்தை அங்கே ஆசிரியர். குகையில் மூட்டிய தீயும் அந்தப் பள்ளிக்கூடமும் ஒரே மொழியில் வந்தவை என்பதுதான் நாவலின் வலி.

'பிரெஞ்சு எழுத்தாளர் ஜெபார்' என்று எழுதுபவர்கள் இந்த வலியைத்தான் அழிக்கிறார்கள். 1936இல் அல்ஜீரியாவின் ஷெர்ஷெலில் பிறந்தவர், இயற்பெயர் ஃபாத்திமா ஸொஹ்ரா இமலயேன். பிரெஞ்சைத் தன் மாற்றாந்தாய் மொழி என்று அந்த நாவலிலேயே சொன்னவர். 2005இல் பிரெஞ்சு மொழியின் காவல் மன்றமான பிரெஞ்சு அகாதெமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது, வட ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியான மக்ரெபிலிருந்து முதல் ஆளாக. அதனால் அவர் பிரெஞ்சுக்காரர் ஆகிவிடவில்லை.

இன்னொரு சொல்: நூபா. ஷெனுவா மலைப் பெண்களைப் பற்றி 1977இல் அவர் எடுத்த படத்தின் தலைப்பில் வருகிறது. பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் அது கும்மாளம். ஆகவே ஒரு கைப்பிரதியில் 'பெண்களின் கேளிக்கை' ஆகிவிட்டது. மக்ரெபில் நூபா என்பது, இடைக்கால முஸ்லிம் ஸ்பெயினிலிருந்து வந்த அந்தலூசிய இசைமரபின் பாடல்தொகுதி. 'முறை' என்ற பொருளும் உண்டு. அல்ஜீரிய விடுதலைப் போரைப் பார்த்த பெண்கள் அந்தப் படத்தில் தங்கள் முறை வரும்போது பேசுகிறார்கள். அத்தகைய குரல்கள் பின்னர் நாவலுக்குள்ளும் வந்தன.

ஆகவே, கொஞ்சம் காது கொடுங்கள். 'Dj' என்று தொடங்கும் மக்ரெபுப் பெயரை 'டிஜ' என்று பிளக்காதீர்கள். அது வெறும் ஜ. 'Ch' என்பது ஷ. பிரெஞ்சு வாக்கியத்தில் ஓர் அரபுச் சொல் தலைகாட்டினால், பிரெஞ்சு அகராதியோடு நின்றுவிடாதீர்கள். நாவலில் வரும் ராணுவ அதிகாரிகளின் கடிதங்களையும் கிழவிகளின் வாய்மொழியையும் ஒரே சீரான தமிழில் இஸ்திரி போட்டு அனுப்பாதீர்கள், தயவுசெய்து. எது யார் குரல் என்று பக்கம் பக்கமாகப் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

நேற்றைய கட்டுரையாளர் தொலைபேசியில், "அப்படியானால் தமிழில் என்னதான் போடுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 'குதிரையாட்டம்' என்றால் நமக்குப் பொய்க்கால் குதிரை வந்து நிற்கிறது. 'பாய்ச்சல்' என்றால் இசை விடுபடுகிறது. இப்போதைக்கு ஃபான்டாசியா என்றே விட்டு, அடியில் மூன்று வரிக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று வரியில் துப்பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பேன்.