‘வந்தேறி’ மீனும் அயல் மீனும்

“அருகிவரும் பூர்வீக மீன்களின் சிறார்கள் ஈரநிலங்களில் வந்தேறி மீன்களோடு உயிர்வாழ்தல்.” போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த சிறுநூலின் தலைப்பு. ‘சிறார்’ என்றதும் பள்ளிக்கூடப் பை மாட்டிய மீன்தான் கண்ணில் நின்றது. மீனுக்குக் குஞ்சு, விரல் நீளம் வளர்ந்தால் விரலி. பண்ணைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘ஈரநிலம்’ சரி, போகட்டும். நாலு நாள் மழை பெய்தால் வேளச்சேரியே ஈரநிலம்தான். ஆனால் ‘வந்தேறி’யை விட மனம் வரவில்லை. இந்த ஆண்டு இது மூன்றாம் முறை.

வந்து ஏறியவர் வந்தேறி. வேற்றூரிலிருந்து வந்து குடியமர்ந்தவர்களை வந்தேறுகுடி என்பார்கள். இன்று அது மேடையில் ஆளை ஏசும் சொல். மீன் எங்கே தானாக வந்தது? ஜிலேபிக் கெண்டையை 1952இல் வளர்ப்புக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கம்பூசியாவைக் குளங்களில் விட்டார்கள். கண்ணாடித் தொட்டிக்கு வாங்கிய ‘டேங்க் கிளீனர்’ முழ நீளம் வளர்ந்ததும் ஏரியில் கொட்டிவிட்டு வருகிறவர்களும் நம்மாட்கள்தான். கொண்டுவந்து விட்டவனை விட்டுவிட்டு மீனை வைகிறது இந்தச் சொல்.

இதைச் சொன்னதும் மொழிபெயர்த்த தம்பி கேட்டார்: “அப்போ ‘வெளிநாட்டு மீன்’னு போட்டுடட்டுமா அண்ணே?”

அது இன்னும் மோசம். அந்த நூல் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுப்படுகையைப் பற்றியது. அங்கே ரேசர்பேக் சக்கர் என்ற மீனை 1991இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தார்கள். அதன் பொடிக்குஞ்சுகள் வெள்ளத்தோடு கரையோரச் சதுப்புகளுக்குள் போகின்றன. வெதுவெதுப்பான தண்ணீர், நிறைய இரை. வளர அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் உள்ளே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் மீன்களில் ஒன்று கிரீன் சன்ஃபிஷ். அது அதே அமெரிக்காவின் கிழக்கு, நடுப்பகுதி ஆறுகளில் பிறந்து வளர்ந்த இனம். அதைப் போய் வெளிநாட்டு மீன் என்றால்?

அவ்வளவு தூரம் போவானேன். சென்னைச் சந்தையில் கிடக்கிற கட்லா கங்கைப் பக்கத்து மீன். இந்திய மீன்தான், ஆனால் நம் ஏரிக்கு உரியதில்லை. மீனுக்குத் தெரிந்த எல்லை ஆற்றுப்படுகை; பாஸ்போர்ட் அல்ல.

இதற்குத்தான் அயல் இருக்கிறது. அயல் என்றால் பக்கம், அடுத்தது. அதிலிருந்து ‘நம்முடையது அல்லாதது’. அயல்வீடு, அயலூர் என்று அடுத்த வாசலிலேயே தொடங்கிவிடுகிற சொல். கட்லாவும் அடங்கும், சன்ஃபிஷும் அடங்கும், வசையும் இல்லை. அயல் மீன் எல்லாம் ஊடுருவியும் அல்ல. வந்த இடத்தில் தானே பெருகி உள்ளூர் மீனை நெருக்குவதுதான் ஊடுருவி. கட்லா தேங்கிய குளத்தில் இனப்பெருக்கம் செய்யாது, குஞ்சு வாங்கி விட்டால்தான் உண்டு. ஜிலேபிக்கு யார் தயவும் வேண்டாம். முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காத்துப் பெருகிவிடும். அதை ஊடுருவி என்று சொல்லலாம். இரண்டையும் ‘ஆக்கிரமிப்பு மீன்’ என்று ஒரே கூடையில் போடுகிற கட்டுரைகளைப் படித்தால் தலை வலிக்கிறது.

‘பூர்வீக மீன்’ வேறு. பூர்வீகம் எது என்று கேட்டால் மீன் என்ன, திருநெல்வேலி என்றா சொல்லும்? நாட்டு மீன் என்றால் போதும். நாடு என்றால் ஒரு காலத்தில் தொண்டை நாடு, சோழ நாடு அளவுதான். ஆற்றுப்படுகைக்கு அந்த அளவு பொருந்தும். சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்கிற அம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. கட்லாவைக் காட்டி “இது நாட்டு மீனாம்மா?” என்றேன். “இது வளர்ப்பு சார். நாட்டு மீன் வேணும்னா அந்த விராலை எடு” என்றார்.

‘அருகிவரும் நாட்டு மீன்களின் குஞ்சுகளும் சதுப்புநிலத்து அயல் மீன்களும்’ என்று திருத்தி அனுப்பினேன். நேற்று அச்சான பிரதி வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் ‘அயல்நாட்டு மீன்களும்’ என்றிருக்கிறது.