மாங்குளத்து வெயிலில் ஒரு பச்சைவீடு

நுவரெலியாவில் பச்சைவீடு கட்டுகிறவர் குளிருக்குப் பயந்து கட்டுகிறார். மாங்குளத்திலோ மல்லாவியிலோ கட்டுகிறவருக்கு வெக்கைதான் எதிரி. இரண்டு இடத்துக்கும் ஒரே மாதிரிக் கூடு போட்டால், வன்னியில் சித்திரை மாதத்தில் தக்காளி அள்ளிப் பூக்கும், ஆனால் காய் பிடிக்காது.

உள்ளே ஏன் அப்படிச் சூடேறுகிறது? சூரிய ஒளி கண்ணாடிக்குள்ளால் வரும், நிலம் வெளிவிடும் வெப்பக் கதிர் திரும்பிப் போகாது என்றுதான் பாடசாலையில் படித்தோம். அது சின்னப் பங்குதான். 1909இல் ஆர். டபிள்யூ. வூட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்கு வெப்பக் கதிரைத் தடுக்காத பாறை உப்பு மூடி. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒளி விழச் செய்தபோது, வெப்பநிலையில் ஒரு பாகை வித்தியாசம்கூட அரிதாகத்தான் தெரிந்தது. சூடான காற்று மேலெழுந்து போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடப்பதே முக்கிய காரணம். சாதாரணப் பொலித்தீனும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும், ஆனாலும் உள்ளே அவியும். 2009இல் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த எங்கள் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. கீழ்ப்பக்கத்தைச் சுருட்டிக் கட்டினால் கொஞ்சம் மூச்சு விடலாம், இறக்கிவிட்டால் இருக்கவே ஏலாது.

ஆகவே வன்னியில் பச்சைவீடு என்றால் முதலில் கேட்க வேண்டியது, காற்று எங்கால் வந்து எங்கால் போகும் என்பதுதான். கீழே நுழையும் வழிக்கும் மேலே வெளியேறும் வழிக்கும் உயர வித்தியாசம் கூடக் கூட, சூடான காற்று வேகமாக ஏறும். தாழ்வான வளைவுக் கூடு மலிவுதான், ஆனால் இந்த வெயிலுக்கு உதவாது. உயர்த்திக் கட்டி, கூரை உச்சியில் நீளத்துக்கு ஒரு திறப்பு விட வேண்டும்.

அந்தத் திறப்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். கோடையில் தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். திறப்பு வடகிழக்கைப் பார்த்தால், கூரைக்கு மேலால் ஓடும் சோளகம் அந்தப் பக்கத்தில் அமுக்கத்தைக் குறைத்து, உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். ஆனால் கார்த்திகையில் அதே வாயால் சாரல் வரும். அதற்கு ஒரு சுருட்டுத் திரை போதும் என்பது என் கருத்து. தென்மேற்கே திருப்பி வைத்தால் சோளகம் உள்ளே புகுந்து கூரையையே தூக்கப் பார்க்கும்.

சரி, காய் ஏன் பிடிக்கவில்லை? தக்காளிப் பூவின் நடுவில் மஞ்சள் கூம்பு ஒன்று இருக்கும். மகரந்தக்கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதுதான் அது. மகரந்தம் கூம்பின் உட்பக்கமாகக் கொட்டும், பூ அதிர்ந்தால்தான் நன்றாக விழும். வெளியே காற்றும் தேனீக்களும் அதை அசைத்துவிடும். உள்ளே அவை குறைவு என்பதால், காலையில் செடி கட்டிய கயிற்றையாவது தட்டிவிட வேண்டும். ஆனால் பகலில் 35 பாகை செல்சியஸைத் தாண்டி, இரவும் 25க்குக் கீழே இறங்காமல் நின்றால், மகரந்தத்தில் பெரும்பகுதி மலடாகிவிடும். அப்புறம் எவ்வளவு தட்டினாலும் பூ உதிரத்தான் செய்யும்.

வளர்ந்து நிறைந்த செடிகள் தாமே இடத்தைக் குளிர்விக்கும். ஒரு லீற்றர் நீர் இலைவழியே ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துப் போகும். நிழல் வலை அதிகம் தேவைப்படுவது நட்ட புதிதில்தான். புகைபோல நீர் தெளிக்கும் கருவிகள் சோளகக் காலத்து வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், மாரியில் செடியை நனைத்துப் பூஞ்சணத்தைத்தான் வளர்க்கும்.

பக்கச் சுவர்களுக்குப் பூச்சி வலை. வெள்ளை ஈ ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீளம், ஆனால் வலைக்குக் கணக்கு அதன் உடம்பின் அகலம்தான், அது கால் மில்லிமீற்றர் அளவு. அங்குலத்துக்கு 50 கண் உள்ள வலை அதை மறிக்கும். மிளகாய் இலையைச் சுருட்டும் பனிப்பூச்சி இன்னும் ஒல்லி, அதற்குள்ளாலும் நுழைந்துவிடும். அதையும் மறிக்கிறோம் என்று கண்ணை மேலும் சிறிதாக்கினால் காற்று நின்றுவிடும். வலையின் பரப்பைக் கூட்டுவதுதான் வழி: நாலு பக்கமும் நிலத்திலிருந்து கூரை வரை வலையாகவே விடலாம்.

கூரை மூடினால் மழையும் மண்ணைக் கழுவாது. கேத்தலில் வெள்ளையாகப் படியும் எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சொட்டுக் குழாயில் விட்டால், உப்பு பாத்தியிலேயே தங்கிவிடும். இடைக்கிடை கூடுதலாக நீர் விட்டு அதைக் கீழே இறக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் காசில்லாதவர் நாற்றுமேடையை மட்டும் மூடலாம். முன்பு கிடுகுப் பந்தல் போட்ட அதே இடத்தில், இப்போது வலைக்கூடு. வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ் தக்காளியை எவ்வளவு இளசாகப் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு விளைச்சல் போகும், நாற்றில் பிடித்த செடி பெரும்பாலும் தேறாது.