சாவி வாட்ச் ஏன் முந்தி ஓடுகிறது?

நேற்று வரை ஒழுங்காக ஓடிய சாவி கொடுக்கும் வாட்ச், திடீரென்று நாளைக்குப் பத்து நிமிடம் முந்துகிறதா? பின்மூடியைத் திறந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தள்ளிவிடாதீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தத்தைத்தான்.

பழைய எச்எம்டி ஜனதாவை எடுத்துக்கொள்வோம். அதன் பேலன்ஸ் வீல், அதாவது நேரத்தை அளந்துகொடுக்கும் குட்டிச் சக்கரம், இப்படியும் அப்படியுமாக வினாடிக்கு 5 முறை ஆடும். ஒரு நாளைக்கு 4,32,000 டிக். ஒவ்வொரு முறையும் வீலை இழுத்துத் திருப்புவது ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்தான். 1675இல் டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இதை அறிவித்தபோது, அது தன் யோசனை என்று ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் சண்டைக்கு வந்தார். சண்டை போடத் தகுந்த பொருள்தான். வாட்ச் காட்டும் நேரமே அந்தச் சுருளின் கையில் இருக்கிறது.

சுருளின் நீளம் குறைந்தால் அதன் விறைப்பு கூடும், வீல் சீக்கிரமாகத் திரும்பிவிடும். நீளம் 1% குறைந்தால் வேகம் சுமார் 0.5% ஏறும். ஒரு நாளின் 86,400 வினாடியில் அது 432 வினாடி, அதாவது ஏழு நிமிடத்துக்கும் மேல்!

சுருளை யாரும் வெட்டாமலே அது எப்படிக் குட்டையாகும்? ஸ்பீக்கர் மேலோ, காந்தம் வைத்த ஃபோன் கவர் பக்கத்திலோ வாட்சை வைத்தால் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறலாம். பிறகு பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பகுதி வேலை செய்யாது, மிச்சம்தான் ஸ்பிரிங். சுருளில் எண்ணெய் பட்டாலும் இதே கதைதான்.

வாட்சைத் திசைகாட்டிப் பக்கம் கொண்டுபோனதும் முள் நன்றாகத் திரும்பினால், காந்தம் ஏறியிருக்கக்கூடும். இறக்குவது சுலபம். டிமேக்னடைசர் என்பது மாறுமின்சாரம் ஓடும் கம்பிச்சுருள். நம் ஊர் மின்சாரத்தில் அதன் காந்தப்புலம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் புரளும். பொத்தானை அழுத்தியபடியே வாட்சை மெல்ல விலக்கி, கை நீளத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் பொத்தானை விட வேண்டும். புலம் படிப்படியாக ஓய, வாட்சின் காந்தமும் ஓய்ந்துவிடும். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் மறுபடி ஏறிவிடலாம்.

அப்படியும் முந்தினால் சர்வீஸ்தான். எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, அச்சு முனைகள் சுழலும் கல் குழிகளில் துளி எண்ணெய் வைப்பார்கள். ஹேர்ஸ்பிரிங்கில் மட்டும் வைக்கவே கூடாது. சர்வீஸ் முடிந்து வந்த வாட்ச் குதிரைபோல ஓடுவதும் உண்டு. சாவி கொடுக்கும்போது முறுக்கேறி வாட்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால், பேலன்ஸ் வீல் அதிகமாகச் சுழன்று, அதன் முளை வீலைத் தட்டிவிடும் நெம்புகோலின் பின்பக்கத்தில் போய் இடித்துச் சீக்கிரமே திரும்பிவிடும். இதையும் ரெகுலேட்டரால் சரிசெய்ய முடியாது. பொருத்தமான மெயின்ஸ்பிரிங்கைத்தான் போட வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகே ரெகுலேட்டர். அதிலுள்ள இரண்டு குட்டி ஊசிகள் சுருளின் எந்த இடத்தைப் பிடிக்கின்றனவோ, அங்கிருந்துதான் வேலை செய்யும் நீளம் தொடங்கும். கழித்தல் குறிப் பக்கம் மயிரிழை நகர்த்தினாலே நீளம் கூடி வேகம் தணியும். அப்புறம் முழுச் சாவி கொடுத்து, 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். பொறுமையில்லாமல் ஒரே மாலையில் பத்து முறை தள்ளினால் எதுவும் பிடிபடாது.

கடைசியில் சில வினாடி மிஞ்சினால், இரவில் வாட்சை வைக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். முகப்பு மேலே பார்க்கப் படுத்தால் ஒரு வேகம், சாவி கீழே இருக்க நிமிர்த்தி வைத்தால் வேறொரு வேகம். நிமிர்ந்து நிற்கும்போது அச்சில் உராய்வு கூடும், ஆட்டத்தின் வீச்சு குறையும். உங்கள் வாட்ச் எந்த நிலையில் பின்தங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்தால், பகலில் முந்தியதை இரவிலேயே ஈடுகட்டிவிடலாம்.