பேதி நிற்காவிட்டாலும் ஓஆர்எஸ் வேலை செய்கிறது

சென்னையில் கைக்குழந்தைக்குப் பேதி என்றால், மெடிக்கல் ஷாப்பில் ஓஆர்எஸ், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் தூள் பாக்கெட் வாங்கி வந்துவிடுவார்கள். நாலு வாய் கொடுத்ததும், "லூஸ் மோஷன் நிக்கவே இல்லையே" என்று ஒரு ஏமாற்றம். நிற்காது. பேதியை நிறுத்துவது அதன் வேலையே அல்ல. போன நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் வேலை. பேதி பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கும்.

சிறுகுடலின் உட்சுவர் செல்களில் எஸ்ஜிஎல்டி1 என்றொரு புரதம் இருக்கிறது. இது ஒருவகைக் கதவு. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவில் நீர் கொட்டோ கொட்டென்று கொட்டும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில் தட்டுப்பாடானபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் இதை நம்பித்தான் உப்பு-குளுக்கோஸ் கரைசலை வாய்வழியே கொடுக்கச் சொன்னார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் வீட்டார்தான். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இதில் அளவு பிசகக் கூடாது. இன்றைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. பொட்டாசியமும் சிட்ரேட்டும் தனி. லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு ஏகத்துக்கும் ஏறிவிடும், குழந்தைக்கு ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து, ஆறவைத்த கொதிநீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் கீழே ஊற்றிவிட வேண்டியதுதான். ஜூஸும் கூல் டிரிங்க்ஸும் வேண்டாம்: அதிகச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து பேதியைக் கூட்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் போதாது.

இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. திட உணவு தொடங்கிய குழந்தைக்குக் கஞ்சி, பருப்பு சாதம், இட்லி எல்லாம் கொடுக்கலாம். "வயித்த காயப் போடு" என்று பாட்டி சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம். பெரியவர்களுக்கு வாங்கி வைத்த, பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்கு உடைத்துக் கொடுப்பதும் கூடவே கூடாது.

கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் படிந்தால் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். இவற்றோடு மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, மணிக்கணக்கில் சிறுநீர் போகாமை, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு. வழியிலும் ஸ்பூன் நிற்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை இவை வரும்வரை காத்திராமல் முதலிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அவர் துத்தநாக மருந்து எழுதிக் கொடுத்தால், பேதி இரண்டே நாளில் நின்றாலும், சொன்ன நாள் வரை முழுசாகக் கொடுக்க வேண்டும். வழக்கமாக 14 நாள்.