மோவாயில் விழுந்த ஒரு குத்து

1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டப் போட்டியில் ஒன்பது ரவுண்டு முடிந்திருந்தது. மூன்று நடுவர்களின் கணக்கிலும் ஜார்ஜ் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். வயது 45, எடை சுமார் 113 கிலோ. எதிரே நின்ற சாம்பியன் மைக்கேல் மூரருக்கு 26 வயது. பத்தாவது ரவுண்டில் ஃபோர்மனின் இடக்கை போனது, அதன் பின்னாலேயே வலக்கை. பெரிதாக ஓங்கிக்கூட விடவில்லை. மூரர் மல்லாந்து விழுந்தார், பத்து எண்ணி முடியும்வரை எழவில்லை.

இதே ஃபோர்மன் 1974இல், ஜயீரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கின்ஷாசாவில், முகமது அலியை ரவுண்டு ரவுண்டாகப் போட்டுக் குத்தினார். அப்போது வயது 25. முந்தைய வருடம்தான் ஜோ ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை வீழ்த்திப் பட்டம் வாங்கியிருந்தார். அலி விழவில்லை. எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன்.

இளமையில் அலியிடம் பலிக்காத குத்து நடுவயதில் எப்படிப் பலித்தது?

ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு துண்டுக் காகிதத்தை மிதக்கவிட்டு, டம்ளரைச் சட்டென்று திருகிப் பாருங்கள். டம்ளர் திரும்பிவிடும், காகிதம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் சுமார் 1.4 கிலோ மூளைக்கும் இதுதான் கதி. தலை வெடுக்கென்று திரும்பும்போது மூளையின் வெளிப்பகுதி ஓட்டோடு இழுபடும், உட்பகுதி பின்தங்கும். நடுவில் மாட்டிய நரம்பிழைகள் முறுக்கி இழுக்கப்படும். அவற்றின் சவ்வு வழியே சோடியமும் பொட்டாசியமும் தாறுமாறாகப் பாய, சமிக்ஞை குழம்பிப்போகும். விழிப்பையும் தசைகளின் விறைப்பையும் தாங்கிப்பிடிக்கும் மூளைத்தண்டு ஒரு கணம் தடுமாறினால் போதும், ஆள் கையைக்கூட ஊன்றாமல் சரிவார். கையுறை மூளையைக் காக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது முக்கியமாகக் காப்பது குத்துபவரின் விரலெலும்பைத்தான்.

தலையைத் திருப்ப வசதியான இடம் மோவாய். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் அசையாது, கைப்பிடிப் பக்கம் ஒரு விரல் போதும். கழுத்துதான் கீல், மோவாய்தான் கைப்பிடி. ஆனால் குத்து வருவதைப் பார்த்துவிட்டால் கழுத்து முன்கூட்டியே இறுகும்; தலையும் உடம்பும் ஒரே கட்டையாகிவிடும், திருப்புவது கடினம்.

அலி பார்த்துக்கொண்டே இருந்தார். கயிற்றில் சாய்ந்து, முழங்கையால் முகத்தை மூடி, குத்தோடு சேர்ந்து தலையையும் பின்னால் இழுத்துக்கொண்டார். மோதும் நேரம் நீளும்போது விசை குறையும். அலி அடியைத் தாங்கினார் என்பார்கள். எனக்கென்னவோ பெரும்பாலான அடியை அவர் தலைக்கு வரவே விடவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஃபோர்மன் பக்கம் கணக்கு வேறு. படாத குத்துக்கும் செலவு உண்டு: வீசிய கையை நிறுத்தவும் தசை உழைக்க வேண்டும். வேகமாகச் சுருங்கும் தசையிழைகளில் இருக்கும் உடனடி எரிபொருள் சில நொடிகளுக்குத்தான் வரும். பிறகு கழிவு தேங்கும், சுருங்கும் வலு குறையும். கால் தளர்ந்தால் குத்தும் போச்சு. குத்தின் எடை கையில் இல்லை. பாதம் தரையை உந்த, இடுப்பு திரும்ப, தோள் வழியே வந்து சேர்கிறது. படும் கணத்தில் மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றும் ஒரே கம்பாக இறுக வேண்டும். அப்போதுதான் முஷ்டிக்குப் பின்னால் முழு உடம்பும் நிற்கும்.

வயது முதலில் வேகத்தைத்தான் பறிக்கிறது. உடம்பின் கனத்தையும் மூட்டுகளை இறுக்கும் பழக்கத்தையும் அவ்வளவு சீக்கிரம் தொடுவதில்லை. 1994இன் ஃபோர்மன் ஓடவில்லை, வீணாக வீசவில்லை. மெதுவான குத்துகளையே ரவுண்டு ரவுண்டாக விட்டு மூரரை எதிரிலேயே நிற்கப் பழக்கிவிட்டார். மூரர் இடக்கைக்காரர், அப்படிப்பட்டவரின் மோவாய்க்கு வலக்கைக்கு நேர்வழி திறந்திருக்கும். ஃபோர்மனின் இடக்கை மூரரின் கண்ணை மறைத்தது. பின்னால் வந்த வலக்கைக்காகக் கழுத்து இறுகவில்லை.

ஃபோர்மன் மூலைக்குப் போய் முழங்காலிட்டார். போட்டிருந்தது கின்ஷாசாவில் போட்ட அதே சிவப்பு டிரவுசர். இந்த 1994 போட்டியில் அவருடைய மூலையில் நின்றவர் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ. 1974இல் அவர் நின்றது அலியின் மூலையில்.